சங்கரபாண்டியனின் நான்கு தெர்மாமீட்டர்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சங்கரபாண்டியன் துணிப்பையில் நான்கு தெர்மாமீட்டர்களைப் போட்டுக்கொண்டு பூரணம் டீச்சரைப் பார்க்க வந்தார்.

பூரணம் பள்ளிக்கூட டீச்சர் அல்ல. பன்னிரண்டு வருஷம் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். முப்பத்தெட்டு வயது. கோவில்பட்டியில் தன் வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் எட்டுப் பத்துப் பேரை ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வைப்பார். வேறெதையும் அவர் கற்றுக்கொடுத்ததில்லை. ஆனாலும் வருகிறவர்கள் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

சங்கரபாண்டியன் அவரைவிட எட்டு வயது மூத்தவர். முத்திரை ஆய்வாளர். கடைகடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை போடுவது அவர் வேலை. ஐந்து கிராம் குறைந்தாலும் விடமாட்டார் என்று பஜாரில் பெயர்.

மற்றவர்கள் போன பிறகு அவர் நான்கையும் பாயில் வரிசையாக வைத்தார்.

"இது கண்ணாடி, பாதரசம் உள்ளது. இது அக்குள்ல வைக்கிற டிஜிட்டல். இது காதுக்கு. இதை நெத்திக்கு நேரா காட்டினாப் போதும், ஒரு நொடியில சொல்லிரும். நேத்துப் பிள்ளைக்கு நாலையும் வச்சுப் பார்த்தேன் டீச்சர். நாலும் நாலு எண்ணைச் சொல்லுது. இதுல எது உண்மை சொல்லுது?"

"பாப்பாவுக்குக் காய்ச்சலா?"

"இல்லை."

"பிறகு எதுக்குப் பார்த்தீங்க?"

சங்கரபாண்டியன் நெற்றிக் கருவியைக் கையில் எடுத்தார். நடந்ததைச் சொன்னார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள் கோமதி. இப்போது பதினான்கு மாதம். நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவர் மனைவி செண்பகம், "பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது" என்றாள். அவர் நின்றபடியே நெற்றிக் கருவியைக் காட்டினார். தொண்ணூற்றெட்டு என்று வந்தது. "காய்ச்சல் இல்லை, சும்மா இரு" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைக்கு வலிப்பு வந்துவிட்டது. கண் மேலே செருகி, கைகால் வெட்டியது. காய்ச்சலோடு வருகிற வலிப்பு, பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

"அப்போ ஃபேன் ஓடுச்சா?" என்று கேட்டார் பூரணம்.

"ஓடுச்சு. நெத்தியில வேர்வை இருந்தது."

"வேர்த்த நெத்தி காத்துபட்டா குளிர்ந்துதான் இருக்கும். அது நெத்தியைத்தான் பார்த்துச்சு."

"அதான் மத்த மூணையும் வாங்கினேன்."

"செண்பகம் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் சொல்லலை. பிள்ளைக்கு உடம்புக்கு என்னன்னாலும் எங்கிட்டச் சொல்றது கிடையாது. அவளே தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்டப் போயிருதா."

பூரணம் கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்து ஒரு துணியில் சுற்றினார். "இது உடைஞ்சா பாதரசம் தரையில ஓடும். தவழ்ந்து திரியிற பிள்ளை இருக்கிற வீட்டுல வேண்டாம். குப்பையிலயும் போடக்கூடாது. நான் ஆஸ்பத்திரியில கொடுத்துர்றேன்."

காதுக்கும் நெற்றிக்குமானதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். "இதுக ரெண்டும் கெட்டதில்லை. வைக்கிற விதம் தெரியணும்." அக்குளில் வைக்கிற டிஜிட்டலை எடுத்து அவர் கையில் கொடுத்தார். நான்கில் அதுதான் சாதாரணமானது, மெதுவானதும் அதுதான். பீப் சத்தம் வர ஒரு நிமிஷம் ஆகும்.

"தினம் சாயங்காலம் ஒரு தடவை இதை வச்சுப் பாருங்க. நல்லா இருக்கிற நாள்லயும் பாருங்க. அக்குளைத் துடைச்சிட்டு வைக்கணும். குளிச்ச உடனே பார்க்காதீங்க. பாப்பாவை நீங்க மடியில வச்சுக்கிடுங்க. எண்ணைச் செண்பகம் படிக்கட்டும்."

"எண்ணைப் படிக்கிறது என் வேலை டீச்சர்."

"தெரியும் அண்ணாச்சி."

முதல் நாள் கோமதி மடியில் நிற்கவில்லை. நெளிந்து, திமிறி, மூன்று தடவை தெர்மாமீட்டரைக் கீழே தள்ளினாள். செண்பகம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் சொன்னாங்க. நீதான் படிக்கணுமாம்."

அவள் வந்து குனிந்து, "தொண்ணூத்தேழு புள்ளி எட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் அவருக்கு ஒரு வழி பிடிபட்டது. சட்டைப்பையில் இருக்கிற பேனாவைப் பிடித்துக்கொள்ள விட்டால் பிள்ளை அசையமாட்டாள். ஒரு வாரத்தில் வேறு சிலதும் தெரிந்தது. மடியில் உட்கார்ந்ததும் இடது உள்ளங்காலால் அவர் வயிற்றை மிதிப்பாள். கீழுதட்டில் எச்சில் குமிழ் விடுவாள். பீப் சத்தம் வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது வந்ததும் "ப்பீ" என்று பதில் சொல்வாள். ஒரு நாள் அதைக் கேட்டுச் செண்பகம் சிரித்துவிட்டாள். பிறகு எண்ணைப் படித்தாள்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை சாயங்காலம் கோமதி பேனாவைப் பிடித்தாள், உடனே விட்டுவிட்டாள். கால் அவர் வயிற்றில் சும்மா கிடந்தது. பீப் சத்தம் வந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"தொண்ணூத்தொன்பது புள்ளி ரெண்டு" என்றாள் செண்பகம். "காய்ச்சல்னு சொல்ல முடியாது."

"இன்னைக்கு இவ சரியில்லை செண்பகம்."

"எண்ணு சரியாத்தானே இருக்கு?"

"எண்ணு சரிதான். பிள்ளை சரியில்லை."

செண்பகம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் பிடரியில் கையை வைத்தாள். கையை எடுக்காமலே, "ஆமா" என்றாள்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி வைத்தார்கள். நூற்றொன்று புள்ளி எட்டு.

இரண்டு பேருமாக டாக்டரிடம் போனார்கள். கடைசியாக எப்போது பால் குடித்தாள், எப்போது ஒன்றுக்குப் போனாள் என்று டாக்டர் கேட்டபோது இருவரும் ஒரே சமயத்தில் பதில் சொன்னார்கள். முன்பு வலிப்பு வந்ததையும் சொன்னார்கள். டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து, அங்கேதான் புண் என்று மருந்து எழுதினார். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது என்று இன்னொரு தடவை சொல்லி அனுப்பினார்.

வலிப்பு வரவில்லை.

மறுநாள் காலை சங்கரபாண்டியன் ஆபீசுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து செண்பகத்தின் குரல் வந்தது.

"ஏங்க, பிள்ளைக்கு இன்னும் லேசா சுடுது. வந்து தொட்டுப் பாருங்க."

கிட்டத்தட்ட ஐந்து மாதத்தில் அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் பாதிப் பொத்தானோடு ஓடினார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பிள்ளையின் முதுகில் கை வைத்தார்.

"அன்னைக்கு நான் சொன்னேன்" என்றாள் செண்பகம்.

"சொன்னே."

"நீங்க என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை."

"ஆமா. பார்க்கலை."

அவள் மருந்து அளக்கும் மூடியை அவரிடம் நீட்டினாள். கண்ணுக்கு நேரே பிடித்து, கோடு பார்த்து ஊற்றி, அவளிடம் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவர் ஆபீசுக்குப் போகவில்லை. சனிக்கிழமை காய்ச்சல் முழுக்க விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மாடிக்கு வந்தார்கள். கோமதி பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். செண்பகம் நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல, பூரணம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சங்கரபாண்டியனுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"முதல்ல தொண்ணூத்தொன்பதுன்னு காட்டுச்சே டீச்சர், அது பொய்தானே?"

"இல்லை. அப்போ இருந்தது அவ்வளவுதான்."

அவர் தலையை ஆட்டினார். "இன்னொண்ணு கேக்கணும்" என்றார். "ஒரு நொடியில சொல்றது ஒண்ணு இருந்துச்சு. அதைத் தள்ளிட்டு, ஒரு நிமிஷம் காக்க வைக்கிறதை ஏன் என் கையில கொடுத்தீங்க?"

பூரணம் கேட்டார்:

"பீப் சத்தம் வர்ற வரைக்கும் நீங்க எதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க அண்ணாச்சி?"

சங்கரபாண்டியன் பாய் ஓரத்திலிருந்து கோமதியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சட்டைப்பைப் பேனாவை அவள் பிடித்துக்கொள்ள விட்டார்.