முத்துப் போட்ட வீடு

கதவை உதைக்காத குறையாகத் திறந்துகொண்டு வந்தான் மாசிலாமணி. மலையடி மடத்து ஆஸ்பத்திரிக்கு அவன்தான் டாக்டர். அவனுக்கு முன்னால் அங்கே வைத்தியம் பார்த்தவர் குரு.

"அந்தப் பொம்பளை பொய் சொல்லிட்டா குருவே!"

"எந்தப் பொம்பளை?"

"பேச்சித்தாய். உலகம்மாளோட அம்மா."

உலகம்மாளின் நீர்க்கடுப்புக்குப் போன வாரம் அவன்தான் சல்ஃபா மாத்திரை கொடுத்தான். இன்று காலை உதடு வெடித்து, முதுகுத் தோல் பாவாடையோடு ஒட்டி உரிய, அவளைத் தூக்கி வந்திருந்தார்கள். மாத்திரையை நிறுத்தியாயிற்று. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் வந்துகொண்டிருந்தது.

"சில குடும்பத்துக்கு இது ரத்தத்திலேயே வரும், குருவே. மரபணு. அண்ணனுக்கு ஆகாத மருந்து தங்கையையும் எரிச்சிடலாம். அதனாலதான் கேட்டேன். அதுக்கு அவ..." துண்டை முந்தானைபோல் வாயில் பொத்தி, மூக்கால் இழுத்தான். "'எங்க வம்சத்துல அப்படி ஆருக்கும் கெடையாது சாமீ!' அப்ப இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சாம்?"

யார் குரலையும் அச்சாகப் பேசுவான் மாசிலாமணி. மற்ற நாளென்றால் குரு சிரித்திருப்பார்.

"நீ கேட்டதைப் பேசிக் காட்டு. உன் குரலிலேயே."

"சுகர் பிரஷர் உண்டா, வீட்ல யாருக்காச்சும் மருந்து அலர்ஜி கிலர்ஜி உண்டா, சரி, ரெண்டு வேளை போடு, அடுத்த ஆள் வா!"

அதுவும் அச்சாகத்தான் வந்தது. அவன் காது மடல் சுட்டது.

"அவள் எங்கே?"

"வராந்தாவில். போனா என்னைக் கடிச்சுத் துப்பிடுவா."

"வா."

குரு அவன் தோளை அழுத்தி, பேச்சித்தாயின் எதிரே தரையில் உட்காரவைத்தார்.

"வாரும்வே டாக்டரு!" என்றாள் அவள். "பிள்ளையக் கொண்டாந்தா தோலை உரிச்சுல்லா குடுக்கீரு!"

"நான் கேட்டேனேம்மா, நீங்கதான்..."

"வாயை மூடு," என்றார் குரு. அவர் அப்படிப் பேசி அவன் கேட்டதேயில்லை.

"என்னத்தக் கேட்டீரு? அலர்ஜின்னா கத்திரிக்கா தின்னு அரிக்கது. அது எங்களுக்கு இல்லதான்! எம் மூத்தவன் செத்தது அம்மையில, ஆத்தா முத்துப் போட்டு. வெந்தாப்ல ஒடம்பெல்லாம் கொப்புளம். வேப்பிலையில கெடத்தி, தண்ணி ஊத்த நாள் பாக்கையில போயிட்டான். அதையும் மாத்திரைம்பீரா?"

மாசிலாமணி முன்னால் குனிந்தான். "முத்து வாரதுக்கு முன்னாடி அவனுக்கு என்ன?"

"என்ன முன்னாடி? நல்லாத்தான் இருந்தான்! வயித்தால போகுதுன்னு கடையில மாத்திரை வாங்கித் தின்னான், அம்புட்டுதான்..."

அவள் பேச்சு நின்றது. சொன்னது அவளுக்கே கேட்டது. பிறகு முன்னைவிட உரக்கக் கத்தினாள்.

"என்னைப் பெத்தவளுக்கும் முத்துப் போட்டுத்தான்வே கண்ணு போச்சு!"

"உங்க வீட்டுக்காரர் பக்கம்?"

"அவருதான் எனக்குத் தாய்மாமன்! எந்தப் பக்கத்தவே கேக்கீரு? நாசமாப் போற மாத்திரை! சின்னவளுக்கும் கடுக்குதுன்னு அக்கா வச்ச மிச்சத்தத்தான நேத்து எடுத்துக் குடுத்தேன்!"

மாசிலாமணி துள்ளி எழுந்தான். "வீட்ல யாருகிட்டம்மா போன் இருக்கு?"

நல்லவேளை, சின்னவள் ஒன்றுதான் விழுங்கியிருந்தாள். இன்னொன்று கையில் இருந்தது. "தூரப் போடு! ஒடனே கெளம்பி வா!" என்று போனுக்குள் கத்தினான்.

அதற்குள் வேன் வந்து, உலகம்மாளை ஏற்றினார்கள். பேச்சித்தாயும் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியே வசவு நிற்கவில்லை; தென்காசியில் இருக்கும் ஒரு சித்தி மகனின் பெயரும் இப்போது அதில் அடிபட்டது.

மாசிலாமணி குருவைப் பார்த்தான். "இன்னும் எவ்வளவு நேரம் இதைக் கேட்கணும், குருவே?"

"நீயும் ஏறு," என்றார் குரு. "அவள் வசவில் பாதிச் சொந்தம்கூட இன்னும் வரவில்லை."