மாவுச் சட்டியோடு நின்ற முதலாளி

பக்கத்துல வந்து உட்காருங்க, சத்தமாச் சொல்ல எனக்கு மூச்சு பத்தாது.

கோயம்புத்தூரில் கிரைண்டர் கம்பெனி வைத்திருந்த நாச்சிமுத்து ஒரு ஸ்டுடியோவில் விளம்பரப் படம் எடுக்கச் சொன்னார். கேமராக்காரருக்குக் காய்ச்சல். அதனால் ஸ்டுடியோவில் விளக்குப் பிடிக்கிற செல்லக்கிளி கைக்குக் கேமரா வந்தது.

படத்தில் புருஷன் நாற்காலியில் பேப்பர் படிக்க வேண்டும். பெண்டாட்டி இடுப்பை ஒடித்து, கழுத்தைச் சாய்த்து, மாவுச் சட்டியை ஏந்திச் சிரிக்க வேண்டும். நடிக்க வந்த பெண்ணுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது, சிரிப்பு வரவில்லை.

"வீட்டுல பொம்பளைங்க இப்படித்தானே நிக்கறாங்க? கூடப்பொறந்த பழக்கம். படத்துல துளி நடிப்புத் தெரிஞ்சாலும் ஸ்டுடியோக்காரர்கிட்டச் சொல்லிருவேன், நாளைக்கு உனக்கு வேலை இல்ல அம்மிணி" என்று செல்லக்கிளியை மிரட்டினார் முதலாளி நாச்சிமுத்து.

"சரிங்க. வெளிச்சம் பார்க்க ஒருத்தர் நிக்கோணும். இந்தப் புள்ள களைச்சுப் போச்சு. உங்களுக்குத்தான் எல்லாம் அத்துபடி, நீங்களே நில்லுங்களேன்" என்றாள் செல்லக்கிளி.

அவர் பெருமையாகச் சட்டியை வாங்கி, இடுப்பை ஒடித்து நின்றார். செல்லக்கிளி விளக்கை இங்கே நகர்த்தினாள், அங்கே நகர்த்தினாள்.

"இன்னும் எத்தனை நேரம் அம்மிணி? இடுப்பு விட்டுப்போச்சு!"

"வீட்டுல நிக்கற மாதிரியே நில்லுங்க முதலாளி."

"எந்த வீட்டுல எவ இப்படி நிக்கறா?" என்று கத்திவிட்டார்.

ஸ்டுடியோவே சிரித்தது. முதலாளிக்கு முகம் சுண்டிப்போச்சு. "சரி, உன்னை வேலையை விட்டு அனுப்பச் சொல்லல. உனக்குத் தோணுனபடி எடு."

செல்லக்கிளி அந்தப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்துப் பேப்பரைக் கையில் கொடுத்தாள். "சட்டியைக் கீழே வெச்சிராதீங்க முதலாளி, கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லிப் படத்தை எடுத்தாள்.