மூச்சு வாங்கினாலும் நிற்காத குழல்

அந்தக் காலத்தில், ஆடுகள் வாய் ஓயாமல் பேசித் திரிந்த நாளில், துருக்கியின் கருங்கடல் ஓரத்து மலையில் மெலெக் என்றொருத்தி இருந்தாள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் அங்கே தன் கை தனக்கே தெரியாது. மேய்ச்சலுக்குப் போனவர்கள் திரும்பி வர, வீட்டு வாசலில் யாராவது நாணல் குழல் ஊத வேண்டும்.

ஒருநாள் அவள் கணவன் இத்ரீஸ் நாற்பது ஆடுகளோடு மேலே மாட்டிக்கொண்டான். மெலெக் தொண்டை வறள ஊதினாள். கொம்பி என்ற ஆடு மட்டும் முட்டி சிராய்த்து வந்து சேர்ந்தது.

“மற்றவர்கள் எங்கேடி?”

“நன்றாய்க் கேட்டாய் போ! நீ மூச்சு வாங்கும்போதெல்லாம் குழல் நின்றுபோகிறது. உடனே எதிர்ப்பாறையிலிருந்து எதிரொலி கேட்கிறது. அதை நம்பி எல்லாரும் பள்ளத்துப் பக்கம் திரும்புகிறார்கள், உன் புருஷனும்தான். இன்னும் கொஞ்ச தூரம் போனால் அதலபாதாளம்!”

மூச்சு வாங்காமல் மனுஷி எப்படி ஊதுவாள்?

சுவரில் முழு ஆட்டுத்தோல் பை தொங்கியது, உள்ளே குளிர்காலத்துக்கான பாலாடைக்கட்டி. மெலெக் அதை அவிழ்த்து அப்படியே தரையில் கொட்டினாள்.

மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! குளிர்காலம் முழுக்க மண்ணையா தின்பது?”

“உங்கள் பிள்ளை வந்தால் பாலும் வரும் அத்தை. இந்தத் தோலின் கழுத்தை இறுக்கிக் கட்டுங்கள்!”

தோலின் ஒரு முன்னங்காலில் ஊதுகிற குழாயைச் செருகினாள். மற்றதில் இரண்டு நாணல் குழல்களைச் சேர்த்துக் கட்டினாள், ஒன்று இடறினால் மற்றது பேசட்டும் என்று. பை புடைக்க ஊதிக் கக்கத்தில் இடுக்கி அமுக்கினாள். மூச்சு வாங்கும்போது குழாயின் வாயை நாக்கால் அடைத்துக்கொண்டாள். பைக்குள் இருந்த காற்று குழல் வழியாகத்தானே போயாக வேண்டும்? சத்தம் அறுபடவே இல்லை. எதிரொலிக்கு வாய் திறக்க இடமே கிடைக்கவில்லை.

கை மரத்துப்போகும் நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. ஆடுகள் ஒன்று குறையாமல் வந்தன. கடைசியில், ஒற்றைச் செருப்போடு இத்ரீஸ். அப்பாடா! மெலெக் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மாமியார் மகனைக் கட்டிக்கொண்டாள். பிறகு கீழே கிடந்த பாலாடைக்கட்டியில் ஒரு துண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, மருமகள் வாயில் ஊட்டினாள். “ஊதிக் களைத்த வாய். முதலில் நீ தின்னுடி, என் கண்ணே.”

அன்று முதல்தான் அந்த மலையில் பாலாடைக்கட்டி வைக்கும் தோல்பைக்கும் துலும் என்று பெயர், பாட்டு வைக்கும் தோல்பைக்கும் துலும் என்றே பெயர். ஊதுகிறவர் மூச்சு வாங்கினாலும் பாட்டு நிற்பதில்லை.