மூன்றாவது தட்டு

மேகங்கள் மரத்துக்கு மரம் இறங்கி உட்கார்ந்துவிட்டுப் போன காலத்திலே, ஒரு மலைக்காட்டில் செங்கொண்டையார் என்றொரு மரங்கொத்தி இருந்தாராம். வீடு தேடி வரும் பறவைகளுக்குப் பொந்து காட்டுகிற தரகர் அவர்.

காட்டுவதற்கு முன்னால் ஒப்பந்தம் உண்டு. "வேறு தரகரிடம் போகக்கூடாது. குடிபோனதும் எனக்கு மூன்று கொழுத்த வண்டு." சம்மதமென்றால் மரப்பட்டையில் மூன்று தட்டு.

ஒருநாள் இருவாச்சி வேங்கையன், பெண்சாதி பூவாச்சியோடு வந்தான். அவளுக்கு முட்டையிடும் நேரம். இருவாச்சிப் பெண் பொந்துக்குள் போனால் வாசலை மண்ணால் பூசிக்கொள்வாள். அலகு நீட்ட ஒரு கீற்று மட்டும் மிஞ்சும். குஞ்சு வளரும்வரை உள்ளேதான். பொந்து தப்பாகிப்போனால் ஓட வழியில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

"தட்டுங்க தாயி," என்றார் தரகர்.

"உங்க பேச்சு முடிஞ்சுது. என் பேச்சு ஒண்ணு சேர்த்துக்கணும் அண்ணே. உள்ளே அடைபடப்போறது உங்க வீட்டுக்காரின்னு நெனச்சுப் பாக்கணும்," என்றாள் பூவாச்சி.

"என்கிட்டயே ஒப்பந்தமா!" தரகர் சிரித்துக்கொண்டே தட்டினார். வேங்கையன் தட்டியதில் பட்டையே பெயர்ந்து விழுந்தது.

முதல் பொந்து ஒழுகியது. இரண்டாவது பொந்துக்கு வாசல் சிறிசு. "என் மூக்கே நுழையாதே!" என்றான் வேங்கையன். மூன்றாவது அத்திமரத்துப் பொந்து. பார்த்ததுமே பூவாச்சி முகம் மலர்ந்தது.

"சும்மாவே எடுத்துக்கோ தாயி," என்றது அதற்குச் சொந்தக்கார உடும்பு. தரகர் காதில் மட்டும், "முடிச்சு விடுப்பா. அந்தப் பட்டமரத்து வண்டு பூராவும் உனக்கு," என்றது.

செங்கொண்டையாருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. 'ஆகட்டும்' என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு, வீட்டில் அடைகாத்துக்கொண்டிருக்கும் தன் பெண்சாதி ஞாபகம் வந்தது. மரத்தைச் சுற்றிப் போய்த் தட்டினார். டொக். டொக். மூன்றாவது தட்டு, டொப்! பாசியை விலக்கினால், உடும்பு நுழையும் அகலத்துக்கு ஓட்டை.

"வேண்டாம் தாயி. பின்னாடி இவருக்குத் தனி வாசல் இருக்கு. முட்டைக்கு வருவார்."

"பிழைக்கத் தெரியாத பய!" என்று சீறிவிட்டு உடும்பு இறங்கிப்போனது.

மூன்று நாள் கொத்தி, இரண்டாவது பொந்தின் வாசலைச் செங்கொண்டையாரே அகலமாக்கிக் கொடுத்தார். பூவாச்சி உள்ளே போய் மண் பூசிக்கொண்டாள். கீற்று வழியே அலகை நீட்டி, "அண்ணிகிட்ட சொல்லுங்க அண்ணே, நல்லாத் தட்டுனீங்கன்னு," என்றாள்.

வேங்கையன் இரை தேடப் பறந்தான். அவன் கொடுத்த மூன்று வண்டையும் கவ்விக்கொண்டு செங்கொண்டையார் தம் வீட்டைப் பார்க்கப் போனார்.

பிறருக்கு வீடு பார்த்துத் தர வாக்குக் கொடுத்தவர், அதில் தம் வீட்டாரே குடியிருக்கப்போவதாக நினைத்துப் பார்க்க வேண்டும்.