ஆமைக்குஞ்சுக்கு ஒரு விளக்கு

கரட்டுக் காட்டில் ஒரு சூரைப் புதரின் அடியில் இரண்டு கௌதாரிகள் குடியிருந்தன. ஆணின் பெயர் கரியான். பெண்ணின் பெயர் செம்பி.

அந்தக் கோடையில் பொரித்த அவர்களுடைய குஞ்சுகளை ஒரு வல்லூறு தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு கரியான் இரை பொறுக்கும்போதுகூட அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். செம்பி வெறுங்கூட்டைப் பார்க்காமல் திரும்பி உட்காருவாள். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஐப்பசி மழையில் ஓடை பெருகி வடிந்தது. மறுநாள் காலையில் கரையோரச் சேற்றில் ஒரு ஆமைக்குஞ்சு மல்லாந்து கிடந்ததைச் செம்பி பார்த்தாள். அரை எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். முதுகில் மஞ்சள் கோடுகள். நான்கு கால்களும் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன.

செம்பி அதை அலகால் புரட்டிப் போட்டாள். குஞ்சு தலையை மெல்ல நீட்டி அவளைப் பார்த்தது.

"அம்மா" என்றது.

செம்பி அதன் முகத்துச் சேற்றை அலகால் துடைத்தாள். "வா" என்று மட்டும் சொன்னாள். குஞ்சு அவள் பின்னாலேயே நடந்து வந்தது. புதர் வந்து சேர நண்பகல் ஆகிவிட்டது.

கரியான் குஞ்சைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். உடனே வேலையைத் தொடங்கினான். உடைமரத்து முள்ளை இழுத்து வந்து சுற்றிலும் வேலி கட்டினான். மேலே சுள்ளி பரப்பினான். அதற்கு மேல் இலை, இலைக்கு மேல் மண், மண்ணுக்கு மேல் மறுபடியும் இலை.

"இனி வல்லூறு என்ன, அதன் நிழல்கூட உள்ளே வராது" என்றான்.

குஞ்சுக்குச் சிப்பி என்று பெயர் வைத்தார்கள். செம்பி கீரையும் இளம்புல்லும் கொண்டு வந்து ஊட்டினாள். சிப்பி முதலில் நன்றாகத்தான் தின்றது. பிறகு பாதி தின்றது. பிறகு புல்லை முகர்ந்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. ஒருநாள் செம்பி அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். ஓடு நனைந்த மரப்பட்டைபோல அமுங்கியது.

"இங்கே பாருங்கள்" என்று கணவனை அழைத்தாள். "பிள்ளையின் ஓடு கெட்டிப்படவே இல்லை. நடக்கவும் மாட்டேன் என்கிறது."

"இருட்டில் பயப்படுகிறது போலிருக்கிறது" என்றான் கரியான். "ஒரு விளக்கு வைத்தால் சரியாகிவிடும்."

அந்தக் காட்டில் விளக்கு விற்றவன் கோடன் என்ற அணில். புல்லால் சின்னக் கூடை பின்னி, உள்ளே ஈரக் களிமண் அப்பி, அதில் மின்மினிகளை உட்கார வைத்துத் தருவான். கரியான் அவனிடம் போனான். மழை முடியும்வரை சாப்பிடுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வரகில் பாதியைக் கொடுத்து ஒரு கூடை வாங்கி வந்தான்.

கூடையைக் கூரையில் தொங்கவிட்டதும் வீடே பச்சையாக மின்னியது. சிப்பி கண்ணைத் திறந்து பார்த்தது.

"அழகாக இருக்கிறது அப்பா" என்றது. பிறகு கண்ணை மூடிக்கொண்டது. புல்லைத் தொடவில்லை.

கரியான் மறுபடியும் கோடனிடம் ஓடினான்.

"ஒன்று போதவில்லையா? இதை வைத்துப் பாருங்கள் அண்ணே" என்று கோடன் ஒரு மக்கிய கட்டையை எடுத்துக் காட்டினான். அதில் முளைத்திருந்த காளான்கள் இருட்டில் நிலாபோல ஒளிர்ந்தன. "இதைவிடப் பெரிய விளக்கு என்னிடம் இல்லை."

மிச்ச வரகும் போயிற்று. கட்டை வந்தது. சிப்பி அதன் பக்கத்தில் போய்ப் படுத்தது. சற்று நேரத்தில் விலகி வந்துவிட்டது.

செம்பி அலகால் கட்டையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மின்மினிக் கூடையைத் தொட்டாள்.

"எல்லாம் சில்லென்று இருக்கிறதே" என்றாள்.

அன்று மாலை கரியான் வெறுங்கையோடு கோடன் முன்னால் போய் நின்றான். "பிள்ளை இன்னும் தேறவில்லை. வேறு என்ன செய்யலாம்?"

கோடன் வாலைச் சுருட்டிக்கொண்டு தலை குனிந்தான். "அண்ணே, நான் விளக்கு விற்கிறவன். வைத்தியன் இல்லை. அதற்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாது."

இரவெல்லாம் மழை கொட்டியது. விடிந்ததும் வானம் வெளுத்து வெயில் வந்தது. மழைத்துளிகள் கூரையில் ஒரு சிறு ஓட்டை போட்டிருந்தன. அதன் வழியாக ஒரு பொட்டு வெளிச்சம் தரையில் விழுந்தது.

செம்பி பார்த்துக்கொண்டிருந்தாள். நடக்கவே மாட்டேன் என்று கிடந்த சிப்பி காலை ஊன்றியது. நகர்ந்து நகர்ந்து போய் அந்தப் பொட்டுக்குள் தலையை வைத்தது. வெளிச்சம் சற்றுத் தள்ளிப் போனது. சிப்பியும் தள்ளிப் போனது. அது வேலிப்பக்கம் சாய்ந்தபோது சிப்பியும் அங்கே போய்க் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது.

கரியான் உள்ளே வந்தான். ஓட்டையைப் பார்த்ததும் இறகு சிலிர்த்துக்கொண்டது. ஓர் இலையைக் கவ்வி அதை அடைத்துவிட்டான்.

வெளிச்சம் போன இடத்திலேயே சிப்பி அசையாமல் நின்றது. "அப்பா, முதுகு குளிர்கிறது" என்றது.

"அடைக்காதீர்கள்" என்றாள் செம்பி.

"உனக்கு மறந்துவிட்டதா? அன்றைக்கு மேலே ஒன்றும் இல்லாததால்தானே..." கரியான் பாதியில் நிறுத்தி, இலையை இன்னும் அழுத்தினான்.

"மறக்கவில்லை." செம்பி அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள். கோடைக்குப் பிறகு முதல் தடவையாக அதைப் பற்றிப் பேசினாள். "அவர்களை வல்லூறு கொண்டுபோனது. இந்தப் பிள்ளையை நாமே உள்ளே வைத்துச் சாகவிடப் போகிறோம்."

கரியான் குனிந்து சிப்பியைப் பார்த்தான். பிறகு வெளியே போய்ப் பாறைமேல் கிடந்த ஓணானைக் கூப்பிட்டான். எப்போது பார்த்தாலும் வெயிலில் கிடக்கிறதே என்று அவன் ஒருநாளும் மதிக்காத ஓணான் அது.

"நீ ஏன் எப்போதும் இப்படிக் கிடக்கிறாய்?" என்று கேட்டான்.

"உனக்கு உடம்பில் சூடு தானாக இருக்கிறது. எனக்கு வெளியிலிருந்து வர வேண்டும். காலையில் காய்ந்தால்தான் தின்றது செரிக்கும், கால் அசையும்" என்றது ஓணான். "ஆமைக்கும் அப்படித்தான். வெயிலில் காய ஓரிடம் வேண்டும். சுட்டால் போய் ஒதுங்க நிழலும் வேண்டும். பாதிக் கூரையைப் பிரி."

"பிரித்தால் வல்லூறு?"

"அது எனக்கும் பயம்தான். நான் இடுக்கில் ஓடிவிடுவேன். உன் பிள்ளையால் ஓட முடியாதே."

கரியான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு கிழக்குப் பக்கத்து மண்ணையும் இலையையும் தள்ளினான். அந்த இடத்தில் நீண்ட உடைமுள் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துப் பின்ன ஆரம்பித்தான். கதிர் நுழைய வேண்டும், வல்லூறின் கால் நுழையக் கூடாது. அதுதான் அவன் கணக்கு. குச்சிகளை ஒடிக்க அவன் அலகுக்குப் பலம் போதவில்லை. மரத்திலிருந்து இறங்கி வந்த கோடன் கூலி எதுவும் கேட்காமல் பல்லால் கடித்துக் கடித்துக் கொடுத்தான்.

மறுநாள் காலையில் முள் வலையின் கீழே கட்டம் கட்டமாக வெயில் விழுந்தது. செம்பி அங்கே ஒரு தட்டைக் கல்லை உருட்டி வைத்தாள். சிப்பி அதன்மேல் ஏறிக் கால்களைப் பரப்பிப் படுத்தது. உச்சி வெயில் வந்ததும் தானே இறங்கிக் கூரையின் நிழலுக்குப் போனது. அன்று கொஞ்சம் புல் தின்றது.

சில நாட்கள் கழித்து வல்லூறு வந்தது. கரியான்தான் முதலில் பார்த்தான். கத்துவதற்குள் அது கல்லைப்போல இறங்கிவிட்டது.

முள் வலை அதிர்ந்தது. வல்லூறின் கால் ஒரு கட்டத்துக்குள் பாதி நுழைந்து முள்ளில் மாட்டிக்கொண்டது. கரியான் ஓடிப்போய்ச் சிப்பிமேல் இறக்கையை விரித்து மூடிக்கொண்டான். தலைக்கு மேல் நகங்கள் துழாவின. ஆனாலும் அவன் நகரவில்லை. வல்லூறு காலை உதறி விடுவித்துக்கொண்டு வலியில் கத்தியபடி பறந்து போனது.

"போய்விட்டதா அப்பா?" இறக்கைக்கு அடியிலிருந்து சிப்பி கேட்டது.

"போய்விட்டது."

"அப்படியென்றால் இறக்கையை எடுங்கள். வெயிலை மறைக்கிறீர்கள்."

செம்பி சிரித்துவிட்டாள். கரியானும் சிரித்தான். பிறகு ஒடிந்த முள்ளுக்குப் பதிலாக வேறு முள்ளைச் செருகினான். கூரையை மூட வேண்டும் என்று அவன் சொல்லவே இல்லை.

தை பிறந்தபோது சிப்பியின் ஓடு விளாங்காய்போலக் கெட்டியாகிவிட்டது. ஒரு காலையில் அது கல்லில் சற்று ஒதுங்கி இடம் விட்டது.

"அப்பா, நீங்களும் வந்து உட்காருங்கள்."

கரியான் தயங்கி மேலே பார்த்தான்.

"வானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் போங்கள்" என்றாள் செம்பி.

அவன் சிப்பியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். முதுகில் வெயில் இதமாக ஏறியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

பிள்ளைக்கு ஆபத்து வரக் கூடாது என்று கூரை போடுகிறவர்கள், வெயில் வர வழியும் விட்டுத்தான் போட வேண்டும்.