ஆட்காட்டிக்குக் கிளையில் வீடு

ஏரிக்கரை உடைந்து வெள்ளம் புகுந்ததில், வயல்வெளியில் குடியிருந்த ஆட்காட்டிக் குருவிகளுக்கு நிற்க ஒரு பிடி மண் இல்லாமல் போயிற்று. சிவப்பி என்ற ஆட்காட்டியும் அதன் புருஷன் நெட்டையனும் பறந்து பறந்து ஓய்ந்து, கடைசியில் ஒரு மேட்டில் வந்து விழுந்தன. மேடு முழுக்கச் சரளைக்கல். நடுவே பெரிய கருவேல மரம். மரம் முழுக்கக் கொக்குகள்.

கொக்குகளின் தலைவி வெள்ளையம்மாவுக்குத் தங்கமான மனசு. வந்தவர்களுக்குப் பசியாற்றிய கையோடு, தன் கூட்டத்தை ஏவிச் சுள்ளி பொறுக்கி, உச்சிக்கிளையில் அழகாக ஒரு கூடும் கட்டிக்கொடுத்தது. அதைக் காட்டும்போது பெருமையில் அதன் கழுத்து இன்னும் ஒரு முழம் நீண்டது.

சிவப்பிக்குக் கண் கலங்கியது. ஆனால் அங்கே உட்கார முடிந்தால்தானே! கிளையைப் பற்றப் பின்விரல் வேண்டும். ஆட்காட்டிக்கு அது பேருக்குத்தான் உண்டு. நெட்டையன் மரியாதைக்காக ஏறிப் பார்த்து, வழுக்கி, இரண்டு கொக்குகளின் மேல் விழுந்து எழுந்தது. மரமே சிரித்தது.

சிவப்பி தயங்கித் தயங்கிச் சொன்னது: "அக்கா, நாங்க தரையிலதான் முட்டை வைப்போம். எங்க ஆளுங்க எல்லாரும் அப்படித்தான். கீழே இந்தச் சரளையில ஓரமா ஒரு இடம் போதும்."

வெள்ளையம்மாவுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு செய்தும் குறை சொல்கிறதே! தரையில் முட்டை கிடந்தால் நரி மோப்பம் பிடித்து வரும், வந்தால் தவறி விழும் கொக்குக் குஞ்சுகளுக்கும் ஆபத்து என்று படபடத்தது.

"எங்ககூட இருக்கணும்னா எங்களை மாதிரி இரு. இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கோ."

முட்டை இன்றோ நாளையோ. சுற்றிலும் தண்ணீர். சிவப்பி எங்கே போகும்? நரி வந்து ஒரே ஒரு முட்டையை எடுத்தாலும் தாங்களே கிளம்பிவிடுவதாகச் சொல்லிக் கெஞ்சியது. வெள்ளையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சரி என்றது.

சிவப்பி சரளைக்கு நடுவே நான்கு முட்டை இட்டது. கல் எது, முட்டை எது என்று மேலிருந்து பார்த்த கொக்குகளுக்கே தெரியவில்லை.

வெள்ளம் வடிந்ததும் சேற்றைத் தாண்டி நரி வந்தது. முட்டைமேல் உட்கார்ந்தே இருந்தால் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சிவப்பி சத்தமில்லாமல் எழுந்து, வெகுதூரம் தள்ளி ஓடி, அங்கிருந்து கத்தத் தொடங்கியது. நெட்டையன் சிறகு முறிந்ததுபோலத் தொங்கவிட்டு நொண்டியது. நரிக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அது பாயப் பாய, நெட்டையன் இரண்டடி தள்ளித் தள்ளி நொண்டியது. நரி இடுப்பளவு சேற்றில் மாட்டியதும் இரண்டு சிறகையும் விரித்துப் பறந்துவிட்டது. எப்படியோ கரையேறிய நரி, பசியையே மறந்து வந்த வழியே ஓடிப்போயிற்று.

சில நாளில் முட்டைகள் பொரிந்தன. உடம்பில் ஈரம் காய்ந்ததுமே குஞ்சுகள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டன. பார்க்க இறங்கி வந்த வெள்ளையம்மா திகைத்துப் போயிற்று. கொக்குக் குஞ்சு என்றால் வாரக்கணக்கில் கூட்டிலேயே கிடந்து வாயைப் பிளக்கும். இவை பிறந்த அன்றே பூச்சி பிடிக்கக் கிளம்புகின்றன! அது தலையைத் தூக்கி உச்சிக்கிளையைப் பார்த்தது.

"அடி சிவப்பி, அங்கே பொரிச்சிருந்தா இதுங்க முதல் அடியை எங்கேடி வச்சிருக்கும்?"

சிவப்பி குஞ்சுகளைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது. இனி எங்கும் போக வேண்டாம் என்ற நிம்மதியில் அதற்கு அழுகையே வந்துவிட்டது.

பிறகு ஒருநாள், இடம் தேடி அலைந்த இன்னொரு ஆட்காட்டிக் குடும்பம் வந்து இறங்கியது. வெள்ளையம்மா சுள்ளி பொறுக்க யாரையும் ஏவவில்லை. "உங்களுக்கு எந்த மாதிரி இடம் வேணும்?" என்று முதலில் கேட்டது.

வீடிழந்து வந்தவருக்கு இடம் கொடுத்தால் மட்டும் போதாது. அவர் வாழும் விதத்துக்கும் சேர்த்து இடம் கொடுப்பதே முழு உதவி.