விமானத்திலிருந்து இறங்கிய தலைவர்

கோவை ரிமோட் விமானக் கிளப்பின் தலைவர் நஞ்சப்பன் வாயைத் திறந்தால் காற்றுகூடக் கைகட்டி நிற்க வேண்டும். புல்வெட்டும் மிஷினின் குட்டி நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை அவருடைய பொம்மை விமானத்துக்கு மாற்றித் தந்தவள் மெக்கானிக் ருக்குமணி. எடை குறைய, எஞ்சினின் சுழல்சக்கரமான ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து இளைக்க வைத்தாள், வால்வு ஸ்பிரிங்கை மாற்றினாள். அப்படியும் விமானம் தரையில் ஓடியதே தவிர எழும்பவில்லை.

போட்டியன்று கூட்டத்துக்கு நடுவே தலைவர் சீறினார். "எஞ்சின் இன்னும் கனமா இருக்குது. இப்பப் பறக்கலைன்னா நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"எஞ்சின்ல இனிக் குறைக்க ஒண்ணுமில்லீங்க. வேற எதையாச்சும் கழட்டினா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"எதை வேணும்னாலும் கழட்டு. இத்தனை பேரும் சாட்சி."

எல்லாரும் விமானி இருக்கையில் தெர்மாகோல் பொம்மை வைப்பார்கள். நஞ்சப்பன் தன்னையே பித்தளையில் வார்த்து, மீசையோடு உட்கார வைத்திருந்தார். ருக்குமணி அதைத் திருகி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"என்னையே இறக்கிட்டா விமானத்தை யாரு ஓட்டறது?"

"நீங்கதாங்க. கீழ நின்னே ஓட்டலாம், அதுக்குத்தானுங்களே ரிமோட்."

சாட்சிகள் சிரித்தார்கள். தலைவர் பித்தளைத் தலைவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசையைத் தள்ளினார். இரண்டு தலைவர்களும் தரையில் நிற்க, விமானம் ஜிவ்வென்று எழும்பியது.